சீப்பு சொல்லும் செய்தி

வீட்டிலுள்ள பொருள்களுள் நாம் நாள்தோறும் கையாள்வதும் நாள்தோறும் மறப்பதும் எது என்று வினவினால், சீப்பு என்று தயக்கமின்றி விடை கூறலாம். கண்ணாடி மாடத்தின் ஓரத்தில் அது கிடக்கிறது. ஒரு பல் உடைந்தாலும் பொறுத்துக்கொள்கிறோம். இரண்டு மூன்று உடைந்தால் எறிந்துவிட்டு வேறொன்று வாங்குகிறோம். இத்துணை எளிய பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாற்றில் காதலும் திருமணமும் குலப்பெருமையும் மட்டுமின்றி அடிமைத்தனமும் அவமதிப்பும் இடம்பெற்றுள்ளன என்பதும் நேயர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். ஆப்பிரிக்கக் கண்டத்தின் சீப்புகளையும் தலையணிகளையும் பற்றிச் சிறிது அறிந்துகொண்டு, அவ்வறிவைத் துணையாகக் கொண்டு நம் நாட்டுச் சீப்பையும் சடையையும் நோக்குவோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் ஈடு தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இச்சொல் ஓர் இனிய விருந்து. தமிழில் தலைவாரும் கருவியும் சீப்பு. வாழைக்குலையின் ஓர் அடுக்கும் சீப்பு. மராத்தியில் தலைவாரும் கருவி 'பணி' எனப்படும். வாழைப்பழ அடுக்குக்கும் அங்கு அதே பெயர். வாஷியின் பழச்சந்தைப் பக்கம் செல்வோர் இச்சொல்லைக் கேட்டிருக்கலாம். மலாய் மொழியிலும் சீப்பைக் குறிக்கும் 'சிசிர்' என்னும் சொல்லே வாழை அடுக்கையும் குறிக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று மொழிகள் ஒரே உவமையைக் கண்டன. பொருள் ஒன்றாக இருந்து, பார்க்கும் கண்ணும் மனிதக் கண்ணாக இருக்கும்போது, எண்ணமும் ஒத்துப்போவதில் வியப்பில்லை. இதை நினைவில் கொள்வது பின்னால் நமக்குப் பயன்படும்.

சீப்பின் வடிவத்தைத் தீர்மானிப்பது கூந்தலின் இயல்பு. நீண்டு நேராகத் தொங்கும் மயிருக்குக் குட்டையான, நெருங்கிய பற்கள் போதும். மேலிருந்து கீழாக இழுத்தால் சிக்கு அவிழ்ந்துவிடும். ஆப்பிரிக்க மக்களுள் பெரும்பாலோரின் மயிரோ, நெருக்கமாகச் சுருண்டு வளர்வது. மயிரிழையின் குறுக்குவெட்டு வட்டமாக இராது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும்; அது முளைக்கும் வேர்ப்பையும் வளைந்திருக்கும். ஆகவே இழை வெளிவரும்போதே சுருண்டு வருகிறது. அத்தகைய மயிரில் நம் வீட்டுச் சீப்பை மேலிருந்து இழுத்தால் வலியும் முறிவுமே மிஞ்சும். நீண்ட, தடித்த, இடைவெளி மிகுந்த பற்களையுடைய சீப்பை அடிமயிரில் நுழைத்து, வெளிப்புறமாகத் தூக்கிவிட வேண்டும். இதனால் ஆப்பிரிக்கச் சீப்பு அகலத்தைவிட உயரம் மிகுந்து, முட்கரண்டியைப் போலக் காட்சியளிக்கிறது. பற்கள் கீழே நிற்க, கைப்பிடி மேலே நிமிர்ந்து நிற்கும். அந்தக் கைப்பிடியே சிற்பியின் கைத்திறனுக்கு இடமாயிற்று.

இவ்வடிவம் மிகப் பழமையானது. எகிப்து நாட்டில், பிரமிடுகள் தோன்றுவதற்கும் முற்பட்ட காலத்துக் கல்லறைகளில், தந்தத்தாலும் எலும்பாலும் செய்யப்பட்ட நீண்ட பற்களுடைய சீப்புகள் கிடைத்துள்ளன. அவற்றின் உச்சியில் பறவைகளும் விலங்குகளும் செதுக்கப்பட்டுள்ளன. இறந்தவருடன் புதைக்கத் தகுந்த உடைமையாக அக்கால மக்கள் சீப்பைக் கருதினர் என்பது இதனால் தெளிவாகிறது. 2013-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம், ஆப்பிரிக்கச் சீப்பின் ஆறாயிரம் ஆண்டு வரலாற்றைப் பொருளாகக் கொண்டு ஒரு கண்காட்சியை நடத்தியது. பண்டை எகிப்தின் தந்தச் சீப்பும் இருபதாம் நூற்றாண்டின் பிளாஸ்டிக் சீப்பும் அங்கே ஒரே வரலாற்றின் இரு முனைகளாகக் காட்டப்பட்டன.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில் வாழும் அகான் மக்களிடையே மரச்சீப்புக்குத் 'துவாபே' என்று பெயர். காதலன் காதலிக்கும், கணவன் மனைவிக்கும் அதைச் செதுக்குவித்துப் பரிசளிப்பது வழக்கம். கைப்பிடியில் பெண்ணின் தலை, பறவை, பழமொழியைக் குறிக்கும் உருவம் எனப் பலவும் இடம்பெறும். அம்மக்கள் துணியில் அச்சிடும் 'அதிங்க்ரா' குறியீடுகளுள் சீப்பும் ஒன்று. தூய்மை, பரிவு, பெண்மையின் நற்குணங்கள் ஆகியவற்றை அது குறிக்கிறது. கொடுத்தவரின் அன்பையும் பெற்றவரின் மதிப்பையும் பிறர் அறியக் காட்டும் அடையாளமாகவும் அச்சீப்பு விளங்கியது.

சீப்பைப் போலவே தலையணியும் அங்கு ஒரு செய்தியைத் தாங்கி நிற்கிறது. நமீபியா நாட்டின் இம்பா இனப் பெண்கள் செங்காவி மண்ணையும் வெண்ணெயையும் குழைத்துப் பின்னல்களில் பூசுகின்றனர். மணமான பெண் ஆட்டுத்தோலால் ஆன 'எரெம்பே' என்னும் அணியை உச்சியில் சூடுகிறாள். மேற்கு ஆப்பிரிக்காவின் புலானி இனப் பெண்கள் நிமிளை மணிகளையும் நாணயங்களையும் பின்னலில் கோக்கின்றனர். இவள் சிறுமியா, மணப்பருவத்தினளா, மணமானவளா என்பதை அறிய அவளை வினவ வேண்டுவதில்லை. தலையைப் பார்த்தாலே போதும். நெற்றியும் வகிடும் பூவும் கண்டு இவற்றை அறியும் பழக்கமுடைய நமக்கு, இது புரியாத செய்தி அன்று.

ஆயினும் இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் என்று நேயர்கள் எண்ணலாம். அவ்வாறு எண்ண வேண்டுவதில்லை. அன்பின் அடையாளமாகச் சீப்பைச் செய்து அளிக்கும் வழக்கம் நம் தமிழகத்து மலையிலேயே உண்டு. பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாகக் காடர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். தேன், குங்கிலியம், கிழங்கு முதலிய காடுபடு பொருள்களைத் திரட்டி வாழ்ந்த மக்கள் அவர்கள். இவர்களிடையே ஆடவன் மூங்கிலைச் சீவிச் சீப்புச் செய்து, அதன் மீது கோடுகளும் கட்டங்களுமாகக் கோலங்களைக் கீறி, திருமணத்தின்போது மணமகளுக்கு அளிப்பான். அவள் அதைப் பின்கூந்தலில் செருகிக்கொள்வாள். தலைவாருவதற்கும் அது பயன்படும்; அணியாகவும் அது விளங்கும்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இச்சீப்பைக் குறித்து எழுதியுள்ளார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயிற்றுவித்த எரன்பெல்ஸ், கொச்சிப் பகுதிக் காடர்களைப் பற்றித் தனி நூல் ஒன்றை 1952-இல் வெளியிட்டார். சீப்பை ஒளித்து வைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. அற்பமானதைத் தடுத்துப் பெரியதைத் தடுக்க முயல்வோரை எள்ளுவதற்கு அதைக் கூறுவோம். காடர் இளைஞனிடம் இப்பழமொழியைக் கூறினால் அவன் நகைக்கமாட்டான். அவனுக்குக் கல்யாணச் சீப்பு அற்பமானது அன்று. தன் கையால் செய்து தர வேண்டிய சீர்.

மத்திய இந்தியாவின் பஸ்தர் பகுதியில் வாழும் முரியா மக்களிடமும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. அம்மக்களின் இளைஞர் மன்றமாகிய 'கோட்டுல்' பற்றி வெரியர் எல்வின் 1947-இல் வெளியிட்ட நூலில், இளைஞர்கள் மரச்சீப்புகளை அழகுறச் செதுக்கித் தம் தோழியர்க்கு அளித்ததையும், அப்பெண்கள் அவற்றைக் கூந்தலில் செருகிக்கொண்டதையும் விரிவாகக் காண்கிறோம்.

கானாவிலும் ஆனைமலையிலும் பஸ்தரிலும் ஒரே வழக்கம் காணப்படுவதால், இம்மக்கள் ஓரினத்தவர் என்று முடிவு செய்துவிடலாமா? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், காடர் சீப்பையும் மலாயாக் காட்டில் வாழும் செமாங் மக்களின் மூங்கிற் சீப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டவர்கள் உண்டு. ஒப்பிடுதல் நன்று; ஆனால் உருவ ஒற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. வாழை அடுக்கைச் சீப்பென்று மூன்று மொழியினர் தனித்தனியே கண்டதுபோல், மூங்கில் விளையும் இடத்தில் மூங்கிலும் மரம் விளையும் இடத்தில் மரமும் சீப்பாயின. தன் கையால் செய்த ஒன்றை அன்புக்குரியவளின் தலையில் காண விழையும் நெஞ்சம் எங்கும் ஒன்றே. அந்த அளவுக்கு உறவு உண்டு. அதற்கு மேல் கூறுவதற்கு வேறு சான்றுகள் வேண்டும்.

இனி நம் சமவெளி மரபுக்கு வருவோம். சிந்துவெளி நாகரிக இடங்களில் தந்தச் சீப்புகள் கிடைத்துள்ளன. வைகைக்கரையில் கீழடி அகழாய்வில் வெளிவந்த பொருள்களுள்ளும் தந்தச் சீப்பு ஒன்று உண்டு. கூந்தலை ஐந்து வகையாக முடித்தமையால் அதற்கு ஐம்பால் என்றே நம் முன்னோர் பெயரிட்டனர். கொண்டை, குழல், சுருள், பனிச்சை, முடி என அவ்வைந்தையும் எண்ணுவது உரைவழக்கு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி அணிந்த தலைக்கோலங்களாகத் தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் ஆகியவை கூறப்படுகின்றன. இன்று இப்பெயர்களுக்குப் பொருள் காண நாம் உரையை நாட வேண்டியிருக்கிறது.

ஆனால் அம்மரபு மறைந்துவிடவில்லை, பெயர்கள் மாறின. மணப்பெண்ணுக்கும் பரதநாட்டியம் ஆடும் பெண்ணுக்கும் இன்றும் தலைசாமான் சூட்டுகிறோம். நெற்றியில் சுட்டி, வகிட்டின் வலப்புறம் சூரியப்பிரபை, இடப்புறம் சந்திரப்பிரபை, பின்னந்தலையில் ராக்கொடி, பின்னலின் மீது நாகம் இறங்கி வருவது போன்ற சடைநாகம், நுனியில் குஞ்சலம். ஞாயிறும் திங்களும் நாகமும் ஒருங்கே ஒரு பெண்ணின் தலையில் இடம்பெறுவது, எந்த நாட்டுத் தலையணிக்கும் குறையாத கற்பனை. இவற்றைச் செய்வதில் பெயர்பெற்றது நாகர்கோவிலை அடுத்த வடசேரி. சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்து அங்கு செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. மும்பையில் மாதுங்காவிலும் செம்பூரிலும் மேடையேறும் நம் குழந்தைகள் அணியும் தலைசாமானின் மூலம் இந்தக் கைவினை மரபே.

இவ்வணிகளுக்கு அடியில் இருந்த எளிய கருவிகளே விரைந்து மறைந்து வருகின்றன. சிக்கெடுப்பதற்கும் வகிடெடுப்பதற்கும் உரிய கூர்ந்த கோலாகிய சிணுக்குவலி, ஈரை இழுத்தெடுக்கும் ஈர்வாங்கி, மாட்டுக் கொம்பில் அறுத்த சீப்பு, இரு பக்கமும் பல்லுடைய மரத்தாலான பேன் சீப்பு ஆகியவற்றின் பெயரையேனும் அறிந்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்? பிளாஸ்டிக் சீப்பு மலிவானது, எங்கும் கிடைப்பது. எனினும் உலர்ந்த மயிரில் அதை இழுக்கும்போது உராய்வினால் மின்னேற்றம் உண்டாகி, இழைகள் ஒன்றையொன்று விலக்கிப் பறப்பதைக் காண்கிறோம். மரத்திலும் கொம்பிலும் இத்தொல்லை குறைவு. பழையன யாவும் சிறந்தவை என்று நாம் கூறவில்லை. பழையவற்றுள் காரணத்தோடு அமைந்தவையும் இருந்தன என்றே கூறுகிறோம்.

நாம் வாழும் இடத்தை நோக்கினால், அயலாரிடமும் இத்தகைய செல்வம் உண்டு. 1970-களில் சிட்கோ நிறுவனம் நவி மும்பையை எழுப்பத் தொடங்கியதற்கு முன்பே வாஷியில் கோளி மீனவர்கள் வாழ்ந்தனர். கோளிப் பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூச்சரமாகிய 'வேணி'யைச் சூடுவதை இன்றும் விழா நாட்களில் காணலாம். மராத்தியக் குடும்பங்களில் சீப்பு, கண்ணாடி, குங்குமம் ஆகியவற்றை வைக்கும் 'பணேர்பேட்டி' என்னும் மரப்பெட்டி பாட்டியின் சொத்தாகக் காக்கப்படுகிறது. நம் ராக்கொடிக்கு உறவுபோல் ஒலிக்கும் 'ராக்கடி' என்னும் தலையணியும் அவர்களிடம் உண்டு. சீக்கியச் சமயத்தவர்க்கோ, மரச்சீப்பாகிய 'கங்கா' 1699-இல் குரு கோவிந்த சிங் நிறுவிய கால்சா நெறியின் ஐந்து அடையாளங்களுள் ஒன்று. ஒரே அடுக்கு வீட்டில் நான்கு வகைச் சீப்புகள் நான்கு பொருள்களோடு வாழ்கின்றன.

ஆப்பிரிக்காவும் இந்நகருக்கு அயல்நிலம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்சிபார்த் தீவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்க யானைத் தந்தம் பம்பாய்த் துறைக்குக் கப்பல் கப்பலாக வந்தது. ஒரு பகுதி லண்டனுக்கு மறு ஏற்றுமதியாயிற்று. மற்றொரு பகுதி இந்நாட்டிலேயே வளையலாகவும் சீப்பாகவும் சிமிழாகவும் உருமாறியது. இந்தியப் பெண்ணின் கூந்தலில் ஓடிய தந்தச் சீப்பு ஆப்பிரிக்க யானையிடமிருந்து வந்ததாக இருந்திருக்கக்கூடும். அவ்வணிகத்தால் யானைகள் அழிந்தன. தந்தத்தைத் துறைமுகத்துக்குச் சுமந்து வந்த மனிதர்களும் பெருந்துயர் எய்தினர். தந்தத்தின் அனைத்துலக வணிகம் 1990 முதல் தடைசெய்யப்பட்டது. நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் விலக்கின. ஆகவே தந்தச் சீப்பை அருங்காட்சியகத்தில் கண்டு மகிழலாமேயன்றி, விலைக்கு வாங்க நினைத்தல் கூடாது.

இனி, இப்பேச்சின் உயிர்நிலையான செய்திக்கு வருகிறோம். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகப் பிடித்துக் கப்பலேற்றியபோது, பெரும்பாலும் அவர்களுடைய தலையை மழித்துவிட்டனர். தூய்மையின் பொருட்டு என்று காரணம் கூறப்பட்டது. ஆனால் குலத்தையும் ஊரையும் நிலையையும் உரைத்த பின்னல் அதனோடு போயிற்று. அன்புடையவர் செதுக்கித் தந்த சீப்பும் போயிற்று. அமெரிக்கத் தோட்டங்களில், தம் கூந்தலுக்கு ஏற்ற சீப்பு கிடைக்காமல், ஆட்டுமயிரைச் சிக்கெடுக்கும் கருவியால் அவர்கள் தலைவாரினர். பல தலைமுறைகளாக அவர்களுடைய மயிர் ஆட்டுமயிர் என்று இகழப்பட்டது. இகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு, தம் மயிரைச் சுட்டும் மருந்திட்டும் நேராக்கிக்கொண்டவர் பலர். 1960-களிலும் 1970-களிலும் குடியுரிமைப் போராட்டம் ஓங்கியபோது, அமெரிக்கக் கறுப்பர்கள் மயிரை இயல்பாக வளரவிட்டு, நீண்ட பற்களுடைய பழைய வடிவச் சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு வீதியில் நடந்தனர். சீப்பின் கைப்பிடியில் ஓங்கிய கைமுட்டி அமைந்திருந்தது. சீப்பை ஒளித்துப் பார்த்தார்கள், கல்யாணம் நிற்கவில்லை.

இஃது இறந்தகாலச் செய்தி மட்டும் அன்று. 2016-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், தம் இயல்பான மயிரைக் குற்றமாக்கும் பள்ளி விதியை எதிர்த்து மாணவியர் கிளர்ந்தனர். 2019-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், மயிரின் இயல்பையும் பின்னலையும் காரணமாகக் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் வேற்றுமை பாராட்டுவதைச் சட்டத்தால் தடுத்தது. தலைமயிருக்கும் சட்டம் வேண்டுமா என்று வியப்போர், அந்த அவமதிப்பு எத்துணை ஆழமானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு எண்ணிப் பார்ப்பது வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு அரிதன்று. எண்ணெய் தடவி, இறுகப் பின்னி, பூச்சூடிப் பள்ளிக்குச் சென்ற சிறுமியர், எண்ணெய்த் தலை என்று கேலி செய்யப்பட்டு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிராகக் கூச்சல் எழுந்தபோது, நம் உடையும் பேச்சும் தோற்றமும் நகைப்புக்கு உள்ளாயின. அதைக் கடந்து வந்தவர்கள் நாம். இன்று கல்விக்கும் வணிகத்துக்குமாக நவி மும்பைக்கு வரும் ஆப்பிரிக்க நாட்டவரை ரயிலிலும் சந்தையிலும் காண்கிறோம். அவர்களுடைய பின்னலை வெறித்து நோக்குவோரும், தமக்குள் சிரித்துக்கொள்வோரும், அனுமதியின்றித் தொட்டுப் பார்க்க முனைவோரும் இல்லாமல் இல்லை. அவ்வாறு செய்வோரிடையே நம் பிள்ளைகளும் இருந்தால், நாம் பட்ட அவமதிப்பிலிருந்து நாம் ஒன்றும் கற்கவில்லை என்றே பொருள். பல மணி நேரம் ஒருவர் அமர்ந்திருக்க, மற்றொருவர் பொறுமையோடு பின்னிய பின்னல் அது. நம் வீட்டில் தாழம்பூ மடல் வைத்துச் சடை பின்னிய அத்தையின் பொறுமைக்கு அது சற்றும் குறைந்ததன்று.

நாம் செய்யக்கூடியவை மிக எளியவை. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் அடியில் பழைய சீப்போ, சிணுக்குவலியோ, பாட்டியின் ராக்கொடியோ இருக்குமாயின், அதை எடுத்துத் துடைத்துப் பிள்ளைகளிடம் காட்டுவோம். அதன் பெயரைச் சொல்லிக்கொடுப்போம். அதைச் செய்தவர் யார், அணிந்தவர் யார் என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு வைப்போம். முதியவர் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு அறிவோம். பொருள் எஞ்சியிருந்து பெயர் மறைந்தால், நாளை அது வெறும் உலோகத் துண்டாகிவிடும். அடுத்த வீட்டு மராத்தியப் பாட்டியின் பணேர்பேட்டியைத் திறந்து காட்டும்படி வேண்டுவோம். நம் சடைநாகத்தை அவருக்குக் காட்டுவோம். அயல்நாட்டார் தலையில் நமக்குப் பழக்கமில்லாத பின்னலைக் காணும்போது, அதற்கும் ஒரு பெயரும் பொருளும், அதைப் பின்னிய ஓர் அன்பான கையும் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம். தன் வீட்டுச் சீப்பின் பெருமையை அறிந்த பிள்ளை பிறர் வீட்டுச் சீப்பைக் கண்டு நகைக்காது.